ஷோரூமில் நிற்கும் வண்டி யாருடையது?

ரெண்டு வாரமா ஆபீஸில் ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியலை. நடுவில் கிடைச்ச நேரத்தில் படிச்ச ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இறக்கி வெச்சாத்தான் அடுத்த வேலை ஓடும். கொஞ்சம் நீளமான பதிவு. பைக் பிரியர்கள் பொறுத்துக்குவீங்க, மத்தவங்க ஒரு டீயை வாங்கிட்டு வந்து உட்காருங்க :-)

எம்பிஏ படித்த நண்பர் யாரையாவது பிடித்து, ஹோண்டா அமெரிக்கா போன கதையைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் தொழில் ஏன் படுத்துவிட்டது என்று 1975-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் ஓர் அறிக்கை கொடுத்தது. ஹோண்டா எல்லாத்தையும் கணக்குப் போட்டு ஜெயித்த மாதிரி ஒரு சித்திரம் அதில் கிடைக்கும். ரிச்சர்ட் பாஸ்கேல் என்பவர் ஜப்பானுக்கே போய், ஆரம்பத்தில் அமெரிக்கா போன ஹோண்டா அதிகாரிகளை உட்காரவைத்துக் கதை கேட்டு 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தால் திட்டமாவது ஒண்ணாவது, பாதி அடிபட்டுக் கத்துக்கிட்டது, மீதி தற்செயல். இதை வைத்து மேனேஜ்மென்ட் உலகத்தில் ரெண்டு கோஷ்டி. சண்டை ஓயவே இல்லை.

எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. பாஸ்கேல் கட்டுரையில் போகிற போக்கில் நாலைந்து வரியில் ஒரு விஷயம் வருகிறது. 1964 கடைசியில் ஹோண்டா தன் அமெரிக்க டீலர்களுக்கு விட்ட ஓர் அறிவிப்பு. கோஷ்டிச் சண்டைக்கு அது தேவைப்படாததால் யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் அதுதான். உள்ளூர் பைக் கடைக்காரனின் கதை அங்கே ரெண்டாக உடைகிறது.

முதலில், உடைவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

1959-ல் அமெரிக்காவில் சுமார் 3,000 மோட்டார்சைக்கிள் டீலர்கள் இருந்தார்கள் என்கிறார்கள் அந்த ஹோண்டா அதிகாரிகள். அதில் 1,000 பேர்தான் வாரத்துக்கு ஐந்து நாள் கடை திறந்தவர்கள். மீதிப் பேர் ராத்திரியும் சனி ஞாயிறும் மட்டும். அதாவது பகலில் வேறு வேலை, சாயந்திரம் ஷட்டரைத் தூக்கினால் பைக் கடை. கையில் கிரீஸ், தரையில் ஆயில், மூலையில் பிரித்துப் போட்ட எஞ்சின். ஸ்டாக் குறைவு, விற்பனைக்குப் பின் சர்வீஸ் சுமார். வாங்குகிறவருக்குத் தவணை வசதியைக்கூடக் கடைக்காரரே தன் கைக்காசில் கொடுத்தார்.

ஒரே ஒரு நல்ல விஷயம்: வண்டிக்கு அவர் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலை கன்சைன்மென்ட் முறையில்தான் வண்டி அனுப்பும். நம்ம ஊரில் பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகை தொங்குமே, அதே ஏற்பாடு. வித்தா காசு, விக்காட்டி ஏஜென்ட் திருப்பி எடுத்துக்குவார். கடையில் நிற்கும் வண்டி, விற்கும் நிமிஷம் வரைக்கும் கம்பெனியுடையது.

இதை ஏதோ பொற்காலம் மாதிரி நான் சொல்ல வரலை. கம்பெனிகள் அப்போதும் யோக்கியம் கிடையாது. ரெண்டு உதாரணம் மட்டும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, 1917, 1918-ல் இந்தியன் கம்பெனி (பேர்தான் இந்தியன், ஆள் மாசசூசெட்ஸ்காரர்) தன் பவர்பிளஸ் வண்டிகளில் பெரும்பகுதியை ராணுவத்துக்கே விற்றுவிட்டது. டீலர்கள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார்கள். பலர் விட்டுப்போனார்கள். ஹார்லி-டேவிட்சனும் ராணுவத்துக்கு வண்டி கொடுத்தது, ஆனால் டீலர்களை அந்த அளவுக்குக் காயப்போடவில்லை. போன டீலர்களை இந்தியனால் கடைசி வரைக்கும் முழுசாகத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. 1953-ல் உற்பத்தியே நின்றது.

இன்னொன்று ஹார்லி. இது டீலர்களாலேயே வளர்ந்த கம்பெனி. 1903-ல் ஆரம்பித்து, 1904-லேயே சிகாகோவில் சி.எச். லாங் என்ற முதல் டீலர். அப்போது செய்து முடித்திருந்த முதல் மூன்று வண்டிகளில் ஒன்றை விற்றவர் அவர். வளர்ந்த பிறகு ஹார்லி போட்ட நிபந்தனை, "எங்க வண்டி விக்கிற கடையில வேற எவன் சரக்கும் இருக்கக் கூடாது". போருக்குப் பிறகு ட்ரையம்ப், பிஎஸ்ஏ என்று பிரிட்டிஷ் வண்டிகள் வந்து இறங்கியபோது பக்கத்தில் ஒன்றை நிறுத்தி வைக்க நிறைய கடைக்காரர்களுக்கு ஆசைதான். ஹார்லி விடவில்லை. 1952-ல் இறக்குமதி வண்டிகளுக்கு 40 சதவீத வரி போடச் சொல்லி அரசாங்கத்திடம் போனபோது இந்த விவகாரம் அதற்கே எதிராகத் திரும்பியது. வரியும் கிடைக்கவில்லை. 1954-ல் ஃபெடரல் டிரேடு கமிஷன் இந்த மாதிரி ஒப்பந்தங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது.

ஆக, கம்பெனி மிரட்டுவது புதுசில்லை. ஆனால் கன்சைன்மென்ட் இருக்கும் வரை டீலரிடம் ஒரு சின்ன ஆயுதம் இருந்தது: "வேண்டாம், அனுப்பாதே". அவன் விற்காவிட்டால் முடங்குவது கம்பெனிப் பணம். அதனால் கம்பெனி அவன் பேச்சைக் கொஞ்சமாவது கேட்டாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஹோண்டா வருகிறது. 1959 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை போட்டார்கள். ஜப்பான் நிதி அமைச்சகம் வெளியே கொண்டுபோக அனுமதித்தது இரண்டரை லட்சம் டாலர், அதிலும் ரொக்கம் பாதிக்கும் குறைவு. தலைமை தாங்கிய கிஹாசிரோ கவாஷிமாவும் கூட வந்தவர்களும் மாசம் 80 டாலர் வாடகையில் ஓர் அபார்ட்மென்ட் எடுத்து, ரெண்டு பேர் தரையில் படுத்தார்கள். (ஆன்சைட் போன நம்ம பசங்க கதை அப்படியே இல்லை?!) பெரிய வண்டிகளை விற்க வந்தவர்கள். அது அமெரிக்க நெடுஞ்சாலையில் ஆயில் கசிந்து, கிளட்ச் தேய்ந்து மானத்தை வாங்கியது. ஊருக்குள் சொந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சூப்பர் கப் மேல்தான் ஜனங்கள் கண் விழுந்தது. அதை விற்கிறோம் என்று வந்தவர்கள் பைக் டீலர்கள் இல்லை, விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர்கள். கறுப்பு ஜாக்கெட் போட்ட முரட்டு ஆள் வந்தால்தான் வாடிக்கையாளர் என்று நினைத்திருந்த பழைய கடைகளுக்கு, இந்தக் குட்டி வண்டி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

ஐந்தே வருஷம். 1964-ல் அமெரிக்காவில் விற்ற ரெண்டு பைக்கில் கிட்டத்தட்ட ஒன்று ஹோண்டா. வாங்குகிறவர்கள் மத்தியதரக் குடும்பத்து ஆட்கள் என்றானதும் வங்கிகளும் பைக்குக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தன. தவணைக்கு டீலரை நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் போச்சு.

அந்த நேரம் பார்த்து ஹோண்டா அறிவித்தது: இனி கன்சைன்மென்ட் கிடையாது. வண்டி வேணுமா, காசைக் கீழே வை.

பெரிய கலகம் வரும் என்று ஹோண்டாவே பயந்ததாம். டீலர்கள் முறையிட்டார்கள், கெஞ்சினார்கள், கத்தினார்கள். ஆனால் ஒருத்தர்கூட டீலர்ஷிப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியுமா? ரெண்டில் ஒரு வண்டி அவனுடையதுன்னா, அவனை விட்டுட்டு எதை விக்கிறது? ஒரே அடியில் அதிகாரம் டீலரிடமிருந்து கம்பெனிக்கு மாறியது என்கிறார் பாஸ்கேல். மூன்று வருஷத்துக்குள் மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன.

ஹோண்டா மேல் எனக்குக் கோபம் இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் திறக்கும் கடையை நம்பி எவனும் லட்சக்கணக்கில் வண்டி விற்க முடியாது. கைக்காசு போட்டவன்தான் கடையைக் கூட்டிப் பெருக்கி வைப்பான் என்ற கணக்கும் சரிதான். ஆனால் அன்றைக்கு என்ன கை மாறியது என்பதைச் சரியாகப் பார்க்கணும். கடையில் நிற்கும் வண்டி கடைக்காரனுடைய வண்டி ஆனது. விற்காத வண்டி கடைக்காரனுடைய பிரச்சினை ஆனது. "அனுப்பாதே" என்று சொல்ல அவனிடம் இருந்த ஒரே பிடிமானம் போச்சு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிய வைத்தது புத்தகம் இல்லை, என் மாமா. ஒரு டூவீலர் ஷோரூமில் பதினைந்து வருஷம் கணக்கு எழுதியவர். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். மாசக் கடைசி வந்தாலே அவருக்குத் தூக்கம் போயிடும். ஏரியா மேனேஜர் போன் பண்ணி, "டார்கெட்டுக்கு இன்னும் முப்பது வண்டி குறையுது, பில் போட்டுடறேன்" என்பார். மறுநாள் லோடு வந்து இறங்கும். கேட்டது கறுப்பு, வந்தது எவனும் சீண்டாத பச்சை. வேண்டாம்னா, நல்லா ஓடுற மாடல் அடுத்த மாசம் வராது. பில் போட்ட நாளிலிருந்து பேங்க் வட்டி ஓடும். "கம்பெனிக்கு அது சேல்ஸ்டா, நமக்கு அது கடன்" என்பார் மாமா. அந்த ஷோரூம் மூடிப் பல வருஷம் ஆச்சு. முதலாளி கடைசி வரை நஷ்டக் கணக்கை வீட்டில் சொல்லவே இல்லையாம். அடகு வைத்த வீட்டுப் பத்திரத்தை மீட்க வேறு ஒரு சொத்தை விற்றபோதுதான் அவர் மகனுக்கே விஷயம் தெரிந்தது.

மாமா சொன்னது வெறும் புலம்பல் இல்லை. நம் நாட்டில் வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் மாதாமாதம் வெளியிடும் விற்பனைக் கணக்கு, கம்பெனியிலிருந்து டீலருக்குப் போன வண்டிகளின் எண்ணிக்கை. டீலர்கள் சங்கமான ஃபாடா வெளியிடுவது ஆர்டிஓவில் பதிவான வண்டிகளின் கணக்கு. ரெண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் யாரோ ஒருத்தர் கடையில் வட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது.

திரும்ப அமெரிக்கா. 1964-ல் எழுதின கணக்கு 1980-களின் ஆரம்பத்தில் தீர்க்கப்பட்டது. 1981-ல் யமஹா, உலகத்தில் நம்பர் ஒன் ஆகிறோம் என்று புதுத் தொழிற்சாலை அறிவிக்க, ஹோண்டா மேலே விழுந்தது. பதினெட்டு மாசத்தில் ஹோண்டா இறக்கிய புது மாடல்களும் மாற்றங்களும் 113 என்று கணக்கு சொல்வார்கள், யமஹா 37. வாராவாரம் புது ரிலீஸ் விடுற சாப்ட்வேர் டீம் மாதிரி! 1983-ல் யமஹா வெளிப்படையாகக் கையைத் தூக்கியது. சண்டை ஜப்பானில், ஆனால் வண்டிகள் வந்து குவிந்தது அமெரிக்காவிலும்தான். சரியாக அப்போது அங்கே பொருளாதார மந்தம். போன வருஷ மாடல், அதற்கு முந்தின வருஷ மாடல் எல்லாம் பெட்டி பிரிக்காமல் நின்றது. புது மாடல் வந்து இறங்கின நிமிஷம் பழசுக்கு விலை இல்லை. ஜெயித்தது ஹோண்டா, தோற்றது யமஹா, தள்ளுபடியில் வித்து நஷ்டப்பட்டதில் பெரும்பங்கு யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குவியலைக் காட்டித்தான் ஹார்லி பிழைத்தது. ஏஎம்எஃப் என்ற கம்பெனி கையிலிருந்து 1981-ல் சொந்த அதிகாரிகளே ஹார்லியை மீட்டு வாங்கியிருந்தார்கள். விற்காமல் தேங்கிக்கிடக்கும் ஜப்பான் வண்டிகள் தங்களை அழித்துவிடும் என்று மனு போட்டார்கள். 1983 ஏப்ரலில் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல் 45 சதவீதம் போட்டது. ஐந்து வருஷத்தில் படிப்படியாகக் குறைகிற வரி. ஜப்பான்காரர்கள் 750 சிசி எஞ்சினை 700-க்குள் சுருக்கிக் கொண்டுவந்து சிரித்தார்கள் என்பது தனிக் கதை.

பிழைத்த ஹார்லி டீலர்களைத் தூக்கி நிறுத்தியது. உண்மையாகவே. 1983-ல் ஆரம்பித்த ஹார்லி ஓனர்ஸ் குரூப்பில் ஒவ்வொரு ஊர்க் கிளையையும் அந்த ஊர் டீலர்தான் நடத்த வேண்டும். கடை ஊர்க்காரர்கள் கூடும் இடமானது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. ஆயில் படிந்த பழைய கடை ஆகாது. வெளிச்சம் வேண்டும், துணிமணி மாட்ட இடம் வேண்டும், உடை மாற்றும் அறை வேண்டும். தொண்ணூறுகளில் ஹார்லிக்கு மாசக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல், போட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அப்போது எந்த டீலருக்கும் நிபந்தனை வலிக்கவில்லை. கடனை வாங்கி ஹைவே ஓரத்தில் கல்யாண மண்டபம் சைஸில் ஷோரூம் கட்டினார்கள். இதெல்லாம் செய்ய முடியாத அப்பா-மகன் கடைகள் டீலர்ஷிப்பை விற்றுவிட்டு வெளியே போயின.

அந்தக் காலத்தில்தான் ஹார்லி தனக்கென்று ஒரு நிதி நிறுவனத்தையும் கைக்குள் கொண்டுவந்தது. அது வாடிக்கையாளருக்கு மட்டும் கடன் கொடுப்பதில்லை, டீலர் ஸ்டாக் வாங்கவும் கொடுக்கும். கம்பெனி வண்டியை டீலருக்கு விற்கும், அதை வாங்கக் கம்பெனியே கடன் கொடுக்கும், விற்காத வண்டிக்கு டீலர் கம்பெனிக்கே வட்டி கட்டுவார். 1959-ல் அதே இடத்தில் நின்ற வண்டிக்குக் கடைக்காரர் ஒரு சென்ட் கட்டவில்லை.

2006-ல் ஹார்லி தொழிற்சாலையிலிருந்து போன வண்டிகள் 3,49,196. அதுதான் உச்சம். பிறகு 2008 சரிவு. 2010-ல் இந்த எண்ணிக்கை சுமார் 2,10,000. அமெரிக்காவின் மொத்த பைக் விற்பனையும் அந்த நாலு வருஷத்தில் பாதிக்கும் கீழே போனது. மண்டபம் சைஸ் ஷோரூமுக்கு வாங்கிய கடன் மட்டும் பாதியாகவில்லை. நடுவில் 2009 அக்டோபர் 15-ம் தேதி, ஹார்லி தன் இன்னொரு பிராண்டான பியூவெல்லை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. அந்த மாசமே கடைசி வண்டி. ஸ்டாக் வைத்திருந்த டீலர்கள் கையில் இருந்தது, நேற்று வரை புது மாடல், இன்று அனாதை மாடல்.

இதே ஹார்லிதான் 2009-ல் இந்தியா வருகிறோம் என்று அறிவித்து 2010-ல் விற்பனையைத் தொடங்கியது. ஹரியானாவில் பாவல் என்ற இடத்தில் ஆலை. சென்னை உட்படப் பெரிய நகரங்களில் டீலர்கள். தரை, விளக்கு, மேசை நாற்காலி வரைக்கும் கம்பெனி சொன்னபடி. ஒரு ஷோரூமுக்கு 3 முதல் 4 கோடி ரூபாய் முதலீடு என்று ஃபாடா பின்னால் கணக்கு சொன்னது. வண்டி எவ்வளவு விற்றது? கடைசி முழு நிதியாண்டில் நாடு முழுக்க 2,500-க்கும் குறைவு. முப்பது சொச்சம் டீலர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு மாசம் ஆறேழு வண்டி. ஆறேழு வண்டிக்கு நாலு கோடி ஷோரூம் வேணுமான்னு ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

2020 செப்டம்பர் 24. இந்தியாவில் விற்பனையையும் உற்பத்தியையும் நிறுத்துகிறோம் என்று அமெரிக்காவிலிருந்து அறிவிப்பு. டீலர்களுக்கு முறைப்படி முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை என்றது ஃபாடா. 2,000 பேர் வரை வேலை போகும் என்றும் சொன்னது. ஏற்கெனவே 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 2018-ல் மேன் டிரக்ஸ் இப்படிக் கிளம்பியிருந்தன. ஹார்லி போன அடுத்த வருஷமே ஃபோர்டு. இடித்துக் கட்டின ஷோரூம், அந்த பிராண்டுக்கென்றே வாங்கின ஸ்பெஷல் டூல்ஸ், பயிற்சி கொடுத்த மெக்கானிக்குகள், இதையெல்லாம் இன்னொரு கம்பெனியிடம் கொண்டுபோய் விற்க முடியாது.

அமெரிக்காவில் இந்த இடத்தில் டீலருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வாகன டீலர்ஷிப் சட்டங்கள் இருக்கின்றன, பல மாநிலங்களில் அது பைக் டீலருக்கும் பொருந்தும். தகுந்த காரணமில்லாமல் ஒப்பந்தத்தை வெட்ட முடியாது, வெட்டினால் விற்காத ஸ்டாக்கைக் கம்பெனி திரும்ப எடுக்க வேண்டும் என்கிற மாதிரி விதிகள். கன்சைன்மென்டில் இருந்த பாதுகாப்பு கொஞ்சம் சட்ட ரூபத்தில் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் கிடையாது. டீலருக்கு இருப்பது கம்பெனி அச்சடித்துக் கொடுத்த ஒப்பந்தம் மட்டும்.

2020 அக்டோபரில் ஹார்லி ஹீரோவோடு கை கோத்தது. பழைய டீலர்களில் சிலர் ஹீரோவின் கீழ் தொடர்ந்தார்கள், மற்றவர்கள் மூடினார்கள். டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, வாகன டீலர்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டத்துக்குக் காத்திருக்காமல் 2021-ல் ஃபாடா தானே ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதி வெளியிட்டது. 2023 ஜூலையில் ஹீரோ தயாரித்த ஹார்லி எக்ஸ்440 வந்தது. ஆரம்ப விலை 2.29 லட்சம். அதை விற்க ஹார்லி ஷோரூம்தான் வேண்டும் என்றில்லை. ஹீரோவின் சொந்தக் கடைகள் சிலவற்றிலும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.